சீமைப் பலா

உலகில் வாழும் மக்கள் அனைவர்க்கும் பசி ஒன்றே. ஆயினும், அப்பசியை ஆற்றும் உணவு நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. நமக்கு நெல் உயிர், வடபுலத்தார்க்குக் கோதுமை, மெக்சிகோ நாட்டினர்க்கு மக்காச்சோளம், ஆண்டீசு மலைவாழ்நர்க்கு உருளைக்கிழங்கு. இவை யாவும் நிலத்தைத் திருத்தி, நட்டு, களை பறித்து, ஆண்டுதோறும் புதிதாக விளைவித்துக்கொள்ள வேண்டியவை. இவ்வாறன்றி, ஒருமுறை நட்டு வளர்த்துவிட்டால், ஒரு தலைமுறைக் காலம் கிளைதோறும் சோறு காய்க்கும் மரம் ஒன்று உண்டென்றால், அது கற்பனை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அது கற்பனையன்று. பசிபிக் மாகடலின் தீவுகளிலே அத்தகைய மரம் பல நூற்றாண்டுகளாக மக்களை வாழ்வித்து வருகின்றது. அதன் பெயர் சீமைப் பலா.

கடல் கடந்து வந்த செடிகொடிகளுக்குச் ‘சீமை’ என்னும் அடைமொழி சேர்த்து வழங்குதல் நம் மக்களின் வழக்கம். சீமை அகத்தி, சீமைக் கருவேல் என்பன போல இதுவும் சீமைப் பலா எனப் பெயர் பெற்றது. இலங்கைத் தமிழர் இதனை ஈரப்பலா என்பர். மலையாள நாட்டார் கடச்சக்கை என்பர். ஆங்கிலேயர் இட்ட பெயருக்கு ‘ரொட்டிப் பழம்’ என்பது பொருள். தகீத்தித் தீவினர் இதனை ‘ஊரு’ என்கின்றனர். அவாயித் தீவினர் ‘ஊலு’ என்கின்றனர்.

மரமும் காயும்

சீமைப் பலா நம் நாட்டுப் பலாவிற்கு உடன்பிறப்பு எனலாம். இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்திற்கு நிலைத்திணை நூலார் ‘ஆர்ட்டோகார்ப்பசு’ என்று பெயரிட்டுள்ளனர். கிரேக்க மொழியில் ‘ஆர்ட்டோசு’ என்பது ரொட்டியையும், ‘கார்ப்போசு’ என்பது கனியையும் குறிக்கும். சீமைப் பலாவைக் கண்டு வைத்த பெயரையே நம் ஊர்ப் பலாவும் தாங்கி நிற்பது வியப்பிற்குரியது.

இம்மரம் 15 முதல் 20 மீட்டர் வரை உயர்ந்து வளரும். இதன் இலைகள் மிகப் பெரியவை. விரித்த கைவிரல்களைப் போல ஆழப் பிளவுபட்டுக் கரும்பச்சை நிறத்துடன் பளபளப்பவை. நம் பலா அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் காய்க்கும். இதுவோ கிளையின் நுனியில் காய்க்கும். பலாக்காயின் மேல் கூரிய முட்கள் உண்டு. இதன் தோலிலோ சிறுசிறு கட்டங்கள் மட்டுமே காணப்படும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பூவின் அடையாளமாகும். நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றுகூடித் திரண்டதே ஒரு காய். ஒரு காய் ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை நிறை கொண்டிருக்கும். அதனினும் பெரியனவும் உண்டு.

பலாவைப் பிளந்தால் சுளையும் கொட்டையும் தோன்றும். சீமைப் பலாவைப் பிளந்தால் நடுவில் ஒரு தண்டும், அதனைச் சுற்றி வெண்மையான சதையும் மட்டுமே தோன்றும். பெரும்பாலான வகைகளில் விதையே இல்லை. விதையில்லாத மரம் பெருகுவது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். இதன் வேர்கள் மண்ணை ஒட்டிப் படரும். அவ்வேரில் காயம் பட்ட இடத்திலிருந்து கன்று முளைக்கும். அக்கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும். அதாவது, மனிதன் கைகொடுத்தாலன்றி இம்மரம் கடல் கடக்க இயலாது. நியூகினிப் பகுதியில் விதையுடன் காட்டு மரமாக இருந்த இதன் முன்னோரை மக்கள் தேர்ந்தெடுத்துப் பேணிப் பேணி, இன்றைய விதையற்ற வகைகளை உருவாக்கினர். பின்னர், பாய் விரித்த ஓடங்களில் இதன் கன்றுகளை ஏற்றிக்கொண்டு, உவர்நீர் படாமல் காத்து, தீவு தீவாகக் கொண்டுசென்று நட்டனர். ஒரு தீவில் சீமைப் பலா நிற்கின்றதெனில், ‘இங்கு வாழ வேண்டும்’ என்று எண்ணி வந்த மக்கள் அங்குக் குடியேறினர் என்பதற்கு அதுவே சான்றாகும்.

சுவையின் மூன்று நிலைகள்

சீமைப் பலாவின் சுவை யாது என வினவுவார்க்கு ஒரே சொல்லில் விடை கூறல் அரிது. பிஞ்சில் ஒரு சுவை, முற்றிய காயில் ஒரு சுவை, கனியில் ஒரு சுவை என அது மூன்று உணவாக நிற்கின்றது.

பிஞ்சு நிலையில் அது காய்கறியே. சதை இறுகியும் சற்றுத் துவர்ப்புடனும் இருக்கும். வேகவைத்தால் பலா மூசையும் வாழைக்காயையும் ஒருங்கே நினைவூட்டும். தனக்கென மிகுந்த சுவை இல்லாமையால், புளியோ மிளகோ தேங்காயோ எது சேர்ந்தாலும் அதன் சுவையை உள்வாங்கிக்கொள்ளும்.

முற்றிய நிலையே இதன் சிறப்பு நிலை. தோலின் பசுமை சற்று மங்கும். கட்டங்களின் மேடு தணிந்து தோல் வழவழப்பாகும். ஆங்காங்கே பால் கசிந்து உலர்ந்து பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும். தீவு மக்கள் இவ்வடையாளங்களைக் கொண்டே காயைப் பறிப்பர். இந்நிலையில் மாப்பொருள் நிறைந்திருக்கும். நெருப்பில் சுட்டால், அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த ரொட்டியின் மணம் கமழும். உருளைக்கிழங்கு போல் மாவாகவும், அதனினும் மென்மையாகவும், சிறிதே இனிப்பாகவும் இருக்கும். ‘ரொட்டிப் பழம்’ என்னும் பெயர் இந்நிலை பற்றியே எழுந்தது.

பறித்த காய் ஓரிரு நாள்களிலேயே கனிந்துவிடும். கனிந்தபின் மாப்பொருள் சர்க்கரையாக மாறும். சதை குழைந்து மஞ்சளாகும்; இன்மணம் வீசும். அப்போது அது சோற்றுக்கு ஈடாவதில்லை. இனிய பண்டங்கள் செய்வதற்கே உரியதாகின்றது. மூன்று நிலைகளையும் அறிந்து, எந்நாளில் எதற்குப் பறிப்பது என்று தெரிந்தவரே இம்மரத்தின் முழுப்பயனையும் அடைவர்.

உணவு நூலார் கணக்கின்படி, 100 கிராம் சதையில் 70 கிராம் அளவு நீரும், 27 கிராம் அளவு மாவுச்சத்தும், ஒரு கிராம் அளவு புரதமும் உள்ளன. நார்ச்சத்தும், பொட்டாசிய உப்பும், உயிர்ச்சத்து ‘சி’யும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. புரதம் குறைவாதலின், மீனையோ பருப்பையோ துணையாகக் கொண்டால்தான் உணவு நிறைவுறும். தீவு மக்கள் மீனையும் தேங்காயையும் சேர்த்தே இதனை உண்டனர். நூல் கற்று அறிந்ததன்று. வாழ்ந்து அறிந்தது அவ்வறிவு.

தீவுகளின் அடுக்களை

தென்கடல் தீவினர்க்குப் பண்டைக் காலத்தில் உலோகமும் இல்லை. அவர்களுள் பெரும்பாலோரிடம் மட்பாண்டமும் இல்லை. பாண்டமின்றிச் சமைத்தல் கூடுமோ எனில், அவர்கள் நிலத்தையே பாண்டமாக்கிக்கொண்டனர். முதலில் ஆழமில்லாத குழி ஒன்று தோண்டுவர். அதில் விறகை அடுக்கி, மேலே கருங்கற்களைப் பரப்பித் தீ மூட்டுவர். விறகு எரிந்து அடங்கிக் கற்கள் பழுக்கக் காய்ந்தபின், அவற்றைச் சமமாகப் பரப்பி, பச்சை வாழையிலைகளை இடுவர். அதன்மேல் சீமைப் பலாக்காய், சேம்பு, மீன் முதலியவற்றை வைத்து, மீண்டும் இலைகளால் மூடி, மண்ணிட்டுப் புதைப்பர். சில மணி நேரம் கழித்துத் திறந்தால், இலையின் நீராவியிலும் கல்லின் வெப்பத்திலும் வெந்த உணவு புகைமணத்தோடு வெளிப்படும். ஒரு சொட்டு நீரும் ஒரு துளி எண்ணெயும் அதற்கு வேண்டியதில்லை.

இதனினும் எளிய முறை, காயை முழுதாகத் தணலில் இட்டுச் சுடுதல். தோல் கரியாகும் வரை புரட்டிப் புரட்டிச் சுட வேண்டும். காம்பின் அடியிலிருந்து ஆவி வெளிப்படுவது வெந்ததற்கு அறிகுறி. பின்னர்க் கரிந்த தோலைச் சீவி, நடுத்தண்டை அகற்றினால், உள்ளே ஆவி பறக்கும் வெண்சதை கிடைக்கும். வெந்த சதையைக் கல்லுலக்கையால் இடித்து, நீர் தெளித்துப் பிசைந்து களியாக்கி உண்பதும் உண்டு. அவ்வாறு இடிப்பதற்கென்றே கருங்கல்லைச் செதுக்கிச் செய்த அழகிய உலக்கைகளை இன்றும் அருங்காட்சியகங்களிற் காணலாம். சமோவாத் தீவினர், இடித்த களியைச் சிறு உருண்டைகளாக்கி, இனிப்புச் சேர்த்துக் காய்ச்சிய தேங்காய்ப் பாலில் இட்டு விருந்தினர்க்குப் படைப்பர். நம் வீடுகளில் செய்யும் பால்கொழுக்கட்டையை அது நினைவூட்டும்.

ஆயினும், இவற்றைக்காட்டிலும் வியக்கத்தக்கது அவர்களுடைய சேமிப்பு முறை. சீமைப் பலா ஆண்டு முழுதும் ஒரே அளவாகக் காய்ப்பதில்லை. பருவத்தில் ஒரே வேளையில் ஏராளமாகக் காய்க்கும். பறித்ததோ விரைவில் அழுகும். ஒரு மாதம் மிகுதியும், அடுத்த மாதம் பற்றாக்குறையுமாக இருந்தால் குடிகள் வாழ்வது எங்ஙனம்? புயல் வந்து காய்களையெல்லாம் உதிர்த்துவிட்டால் என் செய்வது? இக்கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடை, புளிக்கவைத்த மாவு.

தோலும் தண்டும் நீக்கிய காய்களை, இலைகளால் நன்கு போர்த்திய குழியில் அடுக்குவர். மேலும் இலைகளை இட்டுக் கற்களை ஏற்றிக் காற்றுப் புகாதவாறு மூடுவர். சில கிழமைகளில் உள்ளிருப்பது புளித்து மாவுப் பிண்டமாகும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவையே இங்கும் தொழிற்படுகின்றன. அவை உண்டாக்கும் புளிப்பு, அழுகச் செய்யும் பிற நுண்ணுயிர்களை வளரவொட்டாமல் தடுக்கின்றது. இவ்வாறு காத்த மாவு பல மாதங்களுக்கும், இலைகளை மாற்றிப் பேணினால் பல ஆண்டுகளுக்கும் கெடாது. வேண்டியபோது சிறிது எடுத்துப் பிசைந்து, இலையில் பொதிந்து சுடுவர். புதிதாக இடித்த களியோடு கலந்தும் உண்பர். தகீத்தியில் இம்மாவை ‘மாஃகி’ என்பர். மார்க்கேசாத் தீவுகளில் ‘மா’ என்பர். அதன் நெடியும் புளிப்பும் புதியவர்களுக்கு ஒவ்வா. ஆனால் அவ்வூர்க் குழந்தைகள் அதனை விரும்பி உண்டு வளர்ந்தனர். புளித்த மாவில் இட்டலி வார்த்து உண்ணும் நாம் அதனை எள்ளுதல் தகாது. மார்க்கேசாத் தீவுகளில் ஊர் முழுதுக்கும் பொதுவான பெருங்குழிகளும் இருந்தன. வறட்சியும் புயலும் வந்த காலத்தில் அக்குழிகளே ஊரார் உயிரைக் காத்தன.

பசியின் கொடுமையை அறிந்த மக்கள் இம்மரத்தைப் பற்றிக் கூறும் பழங்கதை உருக்கமானது. இராயாத்தியா என்னும் தீவில் ஒருகால் பெரும்பஞ்சம் உண்டாயிற்றாம். உண்பதற்கு ஒன்றுமின்றி மக்கள் செம்மண்ணைத் தின்றனராம். தன் குழந்தைகள் வாடுவதைக் காணப் பொறாத தந்தை ஒருவன், மனைவியை நோக்கி, ‘நாளை விடியலில் வெளியே வந்து பார், உங்களுக்கு உணவு இருக்கும்’ என்று கூறிச் சென்றானாம். விடிந்ததும் குகைவாயிலில் ஒரு புதிய மரம் நின்றதாம். அவன் உடலே அடிமரம்; கைகளே கிளைகள்; விரிந்த விரல்களே இலைகள்; தலையே காய். இது கதையே எனினும், அதன் உட்பொருள் கதையன்று. ஒரு தலைமுறை தன்னைத் தந்தே அடுத்த தலைமுறையை ஊட்டுகின்றது என்னும் உண்மையை அத்தீவினர் இம்மரத்திற் கண்டனர்.

ஐரோப்பியர் கண்ட மரம்

1686-ஆம் ஆண்டில் வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி குவாம் தீவில் இக்காயை உண்டார். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில், ரொட்டிக்கு ஒப்பான உணவென்று அதனைப் புகழ்ந்தெழுதினார். பின்னர் 1769-இல், கப்பித்தான் குக்குடன் தகீத்திக்குச் சென்ற சோசப்பு பேங்சு என்னும் இயற்கை நூலறிஞர் அம்மரத்தைக் கண்டு வியந்தார். ஒருவன் தன் வாழ்நாளில் பத்து மரங்களை நட்டுவிட்டாற் போதும், தன் தலைமுறைக்கும் வருந்தலைமுறைக்கும் செய்ய வேண்டிய கடமையைச் செய்தவனாவான் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார்.

அக்கூற்றில் ஒரு பாதியே உண்மை. மரத்தை நடுவது எளிது. ஆனால் கன்றைத் தேர்ந்து பெயர்ப்பதும், பருவம் அறிந்து பறிப்பதும், குழி தோண்டிப் புளிக்கவைத்துக் காப்பதும் எளியன அல்ல. அவையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில்கள். ஐரோப்பியர் மரத்தைக் கண்டனர். மரத்திற்குப் பின்னால் நின்ற உழைப்பைக் காணவில்லை. ‘உழைக்காமற் கிடைக்கும் உணவு’ என்னும் எண்ணமே அவர்கள் மனத்திற் பதிந்தது.

அக்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலேயர் பெருங்கரும்புத் தோட்டங்களை நடத்தி வந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட மக்கள் அங்கு அடிமைகளாக உழன்றனர். அவர்களுக்கு வேண்டிய உணவில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்து கொண்டிருந்தது. அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் தடைப்பட்டது. அடுத்தடுத்துப் புயல்களும் வீசின. 1780 முதல் 1787 வரை சமெய்க்காத் தீவில் மட்டும் ஏறத்தாழ 15,000 அடிமைகள் பசியாலும் அதன் வழிவந்த நோயாலும் மாண்டனர் என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். தோட்ட முதலாளிகள், குறைந்த செலவில் அடிமைகளுக்கு உணவிட வழி தேடினர். பேங்சு கண்ட மரம் அவர்கள் நினைவிற்கு வந்தது.

1787-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், வில்லியம் பிளை என்பாரின் தலைமையில் ‘பவுண்டி’ என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. கப்பலின் பெரிய அறை கன்றுகளை வைக்கும் நாற்றங்காலாக மாற்றப்பட்டது. 1788 அக்டோபரில் தகீத்தியை அடைந்து, ஐந்து திங்கள் தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளைச் சேர்த்தனர். திரும்பும் வழியில், 1789 ஏப்பிரல் 28 அன்று, மாலுமிகளுள் ஒரு சாரார் பிளெட்சர் கிறித்தியன் என்பவன் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். பிளையையும் அவர்பால் நின்ற 18 பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டுக் கன்றுகளையெல்லாம் கடலில் எறிந்தனர். பிளை, 7 மீட்டர் நீளமே உடைய அப்படகில், ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் கடந்து, சூன் திங்களில் தீமோர்த் தீவை அடைந்தார். கடல் வரலாற்றில் அது பெருஞ்செயலாகப் போற்றப்படுகின்றது.

அவர் மீண்டும் 1791-இல் ‘பிராவிடன்சு’ என்னும் கப்பலிற் புறப்பட்டார். இம்முறை 2,000-க்கு மேற்பட்ட கன்றுகள் ஏற்றப்பட்டன. வழியிற் பல பட்டுப்போக, எஞ்சியவை 1793-இல் செயிண்டு வின்சென்டுத் தீவிலும் சமெய்க்காவிலும் நடப்பட்டன. முதலாளிகள் மகிழ்ந்தனர். மரமும் செழித்தது, காயும் காய்த்தது. ஆனால் உண்பார் இல்லை!

யாருக்காகக் கொணரப்பட்டதோ அவ்வடிமைகள் அதனை விரும்பவில்லை. தமக்குப் பழகிய வாழைக்காயையும் கிழங்கையுமே நாடினர். காய்கள் பன்றிகளுக்கு இடப்பட்டன. இதற்குக் காரணம் யாது? கன்று வந்தது, அதனோடு சமையல் வரவில்லை. தகீத்தியின் நிலவடுப்போ, கல்லுலக்கையோ, புளிக்கும் குழியோ கப்பலில் ஏறவில்லை. அன்றியும், இது அன்பால் இட்ட உணவன்று. கணக்குப் பார்த்து இட்ட உணவு. ‘இதுவே உனக்குப் போதும்’ என்று பிறர் தள்ளும் உணவு எத்துணை நன்றாயினும் தொண்டையில் இறங்குவது கடினம்.

சுவை பிறந்த கதை

ஆண்டுகள் கழிந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமை முறை 1834-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1838-இல் மக்கள் முழு விடுதலை பெற்றனர். தோட்டத்தை விட்டு வெளியேறித் தமக்கெனச் சிறு குடிசையும் சிறு நிலமும் தேடிக்கொண்ட மக்களுக்கு, வாயிலில் நின்ற சீமைப் பலா சிறிது சிறிதாக உறவாயிற்று. இப்போது அவர்களை உண்ணுமாறு எவரும் ஏவவில்லை. தாமே சுட்டனர்; தாமே சுவைத்தனர்; தம் கைப்பக்குவத்தைச் சேர்த்தனர். பன்றிக்கு இட்ட காய் விருந்துக்கு உரியதாயிற்று.

இன்று செயிண்டு வின்சென்டு நாட்டின் நாட்டுணவு, சுட்ட சீமைப் பலாவும் பொரித்த மீனுமாகும். 1765-இல் நிறுவப்பட்ட அந்நாட்டின் பழைய பூங்காவில், பிளை கொணர்ந்த கன்றின் வழிவந்ததாகக் கூறப்படும் மரத்தை இன்றும் காட்டுகின்றனர். சமெய்க்கா மக்கள் கரித்தணலில் சுட்ட காயைத் துண்டுகளாக்கி, உப்பிட்ட மீனோடு காலை உணவாகக் கொள்கின்றனர். முதல்நாள் சுட்டதை மறுநாள் எண்ணெயில் பொரித்து உண்பதும் அவர்களுக்கு விருப்பமானது.

கிரெனடா நாட்டின் நாட்டுணவோ நம் சமையலுக்கு மிக அண்மையது. பெரிய பானையில் சீமைப் பலாத் துண்டுகள், உப்பிட்ட இறைச்சி, சேம்பின் இலை, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றை அடுக்கி, தேங்காய்ப் பாலை ஊற்றி மெல்லிய தீயில் வேகவைப்பர். பால் முழுதும் வற்றிக் காயினுள் ஊறி, எண்ணெய் மட்டும் பிரிந்து பானையின் அடியில் இறங்கும்போது உணவு பதமாயிற்று என்பர். எண்ணெய் கீழே இறங்குதலையே அவ்வுணவிற்குப் பெயராகவும் வைத்துள்ளனர். ‘எண்ணெய் பிரிந்து வரும் பதம்’ என்று நம் அன்னையர் கூறுவதை இங்கு நினைக்கலாம். ஊர் கூடி அடுப்பு மூட்டி, ஒரே பானையிற் சமைத்து, பகிர்ந்து உண்பது அந்நாட்டு வழக்கம்.

நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் சீமைப் பலா நம் பகுதிகளிலும் பரவியது. மழையும் வெப்பமும் நிறைந்து, பனி விழாத இடமே இதற்கு ஏற்றது. ஆகையால் கேரளம், கொங்கணக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலும், தமிழ்நாட்டில் குமரி மாவட்ட வீட்டுத் தோட்டங்களிலும் இது வளர்கின்றது.

இதனைச் சமைக்கப் புகுவார் முதலில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பலாவைப் போலவே பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். காயை நான்காகப் பிளந்து, தோலையும் நடுத்தண்டையும் நீக்கி, துண்டுகளை உடனே நீரில் இட வேண்டும்; காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பின்னர்த் தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் சிதைத்துச் சேர்த்துத் துவரன் செய்யலாம். தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்துப் புளி கரைத்துத் தீயல் வைக்கலாம். மெல்லியதாகச் சீவி எண்ணெயில் வறுத்து உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவினால், நேந்திரங்காய் வறுவலுக்கு அது தோற்காது.

இலங்கைத் தமிழர் ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப் பாலில் கறியாக்குவர். அவித்த துண்டுகளைத் தேங்காய்ப் பூவோடும் சம்பலோடும் உண்பர். கொங்கணக் கரையினர் வட்டத் துண்டுகளில் மிளகாயும் மஞ்சளும் உப்பும் தடவி, ரவையிற் புரட்டிக் கல்லில் இட்டுப் பொரிப்பர். இக்காயை உலர்த்தி மாவாக்கி வைக்கலாம். அம்மாவில் கோதுமைக்கு உரிய பசைப்புரதம் இல்லையாதலால், தனியே ரொட்டி உப்பி எழாது. ஆனால் கோதுமை உண்ண ஒவ்வாதவர்க்கு அதுவே நன்மையாகின்றது. பெயரில் ரொட்டியைத் தாங்கிய கனி, மாவாக்கியபின் தானே உப்பும் ரொட்டியாக மாட்டாமை ஒரு வேடிக்கையே!

இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டில், கப்பலில் வந்திறங்கிய அரிசியும் கோதுமை மாவும் பெட்டியில் அடைத்த இறைச்சியும் பசிபிக் தீவுகளின் அடுக்களையைப் பிடித்துக்கொண்டன. புளிமாவுக் குழிகள் பல இடங்களில் தூர்ந்தன. மரங்களைப் பேணுவார் குறைந்தனர். விதையில்லாத மரத்தில் ஒரு வகை அழிந்தால் மீண்டும் முளைப்பதற்கு வழியில்லை. இதனை உணர்ந்த தயான் இராகோனி என்னும் அமெரிக்க அம்மையார், தீவு தீவாகச் சென்று கன்றுகளைத் திரட்டினார். அவாயித் தீவுகளுள் ஒன்றாகிய மாவியில் உள்ள தோட்டத்தில் அவ்வகைகள் பேணப்படுகின்றன. 2003-இல் சீமைப் பலாவிற்கெனவே ஒரு நிறுவனமும் அமைந்தது. சிறந்த வகைகளின் திசுவிலிருந்து நோயற்ற கன்றுகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, உணவுத் தட்டுப்பாடு உள்ள பல வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் முயற்சியும் நடைபெற்று வருகின்றது.

இம்முயற்சி வெற்றி பெற வேண்டுமாயின், பழைய வரலாறு கற்பிக்கும் பாடத்தை மறத்தலாகாது. கன்றை மட்டும் அனுப்பினாற் போதாது. அதனைப் பறிக்கும் பருவமும், சமைக்கும் முறையும், காக்கும் வழியும் உடன் செல்ல வேண்டும். கொடுப்பவர் உள்ளத்தில் கணக்கன்று, கருணை இருத்தல் வேண்டும்; பெறுபவர்க்கு வேண்டும், வேண்டா எனக் கூறும் உரிமையும் இருத்தல் வேண்டும்.

ஓடத்தில் கன்றை ஏற்றிச் சென்ற பழங்குடிகளும், குழி தோண்டிப் புளிமாவைக் காத்த தாய்மாரும், தம்மீது சுமத்தப்பட்ட காயைத் தம் கைத்திறத்தால் நாட்டுணவாக உயர்த்திய விடுதலை மக்களும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றனர். மரம் தருவது காய் மட்டுமே. அதனை உணவாக்குவது மனிதனின் அறிவும் அன்பும் ஆகும். நம் வீட்டு அடுப்பங்கரையில் நாள்தோறும் நிகழும் தொழிலும் அத்தகையதே. அடுத்த முறை இலையின் முன் அமரும்போது, அவ்வுணவின் பின்னே நிற்கும் கைகளை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் நம் கடனாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நம் நாட்டுப் பலாவிற்கும் சீமைப் பலாவிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

2. சீமைப் பலாவின் சுவை மூன்று நிலைகளில் எவ்வாறு மாறுகின்றது?

3. பாண்டமின்றித் தீவினர் சமைத்த முறையை விளக்குக.

4. புளிக்கவைத்த மாவு நெடுநாள் கெடாதிருப்பதற்குக் காரணம் யாது?

5. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் இக்காயை முதலில் விரும்பாமைக்கும், பின்னர் விரும்பியமைக்கும் ஆசிரியர் கூறும் காரணங்களை எழுதுக.

6. ‘மரம் தருவது காய் மட்டுமே’ என்னும் தொடரின் கருத்தை, உங்கள் வீட்டில் சமைக்கும் ஓர் உணவைக் கொண்டு விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.